பச்சைக் குப்பியும் பழைய பெயரும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி, ஜி.என்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளிவருவோரில் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இரும்புருக்கு ஆலைகளில் உழைக்கும் இளைஞர்கள் அவர்களுள் மிகுதி. தொழுகைக்கென்று குளித்து, மடிப்புக் கலையாத சட்டை அணிந்து வரும் அவர்கள் வாயிலில் ஒருகணம் நிற்பது அத்தர் பெட்டியின் முன்னால்தான். மரப்பெட்டியில் விரல்நீளக் குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. ஜன்னத்துல் ஃபிர்தௌஸ், மஜ்மூஆ, ஷமாமா, மல்லிகை. இவற்றுக்கிடையே பச்சைநிற எண்ணெய் நிறைந்த ஒரு குப்பியில் 'ப்ரூட்' என்று எழுதி ஒட்டப்பட்டிருந்தது.

அந்தப் பெயரை அங்கே காண்போம் என நாம் எதிர்பார்க்கவில்லை. நம் தலைமுறையின் முஸ்லிம் வீடுகளில் அப்பெயர் அறியாதவர் அரிது. 1970களிலும் எண்பதுகளிலும் சவூதியிலிருந்தும் துபையிலிருந்தும் விடுமுறையில் வந்தவர்களின் பெட்டி திறக்கப்படும்போது, டைகர் பாம், யார்ட்லி பவுடர், நைலக்ஸ் சேலை இவற்றோடு கழுத்தில் வெள்ளிநிறப் பதக்கம் தொங்கும் பச்சைக் கண்ணாடிக் குப்பியும் வெளிவரும். வளைகுடா சென்று வர உறவினர் இல்லாதவர்கள் சென்னை பர்மா பஜாரில் தேடி வாங்கினார்கள். நம் சிறிய தகப்பனார் 1979இல் ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த குப்பி இரண்டு விரற்கடை திரவத்தோடு இன்றும் நம் அலமாரியில் இருக்கிறது. அண்மையில் அதே பெயரில், ஐரோப்பாவில் தயாராகி வளைகுடா வழியாக வந்த புதிய குப்பி ஒன்றும் கைக்குக் கிடைத்தது. பள்ளிவாசல் வாயிலில் வாங்கிய குப்பியையும் சேர்த்து மூன்றையும் அருகருகே வைத்துப் பல நாட்கள் முகர்ந்து பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. இலக்கியத்தில் ஒரு நூலின் இரு பதிப்புகளை ஒப்பிடுவது போலவே இதனையும் அணுக முயன்றிருக்கிறோம்.

ப்ரூட் 1964இல் அமெரிக்காவில் ஃபாபர்ஜே நிறுவனத்தின் பெயரில் வெளிவந்தது. அதனை அமைத்தவர் கார்ல் மான் என்னும் நறுமணக் கலைஞர். ரஷ்யச் சக்கரவர்த்திக்கு நகை செய்த குடும்பத்தின் பெயரை அந்நிறுவனம் தாங்கியிருந்தபோதிலும், அது அமெரிக்க வணிகர்கள் வளர்த்தெடுத்த நிறுவனமே. ப்ரூட் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பண்படுத்தப்படாதது, முரடானது என்று பொருள். நறுமணம் பூசுவதில் மேலைநாட்டு ஆடவனுக்கு அக்காலத்தில் ஒரு கூச்சம் இருந்தது. முகச்சவரத்துக்குப் பின் தடவும் நீர் என்ற சாக்கு இருந்தால்தான் அவன் கை நீளும். ஆகவே முரட்டுப் பெயரும், குத்துச்சண்டை வீரர் ஹென்றி கூப்பர் போன்றோரைக் கொண்டு செய்த விளம்பரமும் தேவைப்பட்டன. நமக்கு அந்தக் கூச்சம் என்றும் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை குளியலோடு நறுமணத்தையும் ஆடவருக்கு நபி (ஸல்) அவர்கள் விரும்பத்தக்கதாக ஆக்கிச் சென்றார்கள். தமக்கு அன்பளிப்பாக வரும் நறுமணத்தை மறுக்கமாட்டார்கள் என்பதும் ஹதீஸ்களில் பதிவாகியுள்ளது. ஆதலால் அந்த முரட்டுப் பெயர் இங்கே வெறும் பெயராகவே புழங்கியது. உள்ளே இருந்த மென்மையைத்தான் நம்மவர்கள் விரும்பினார்கள்.

அந்த மென்மை எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய மரபில் 'ஃபூஜேர்' என்றொரு நறுமணக் குடும்பம் உண்டு. பெரணிச் செடி என்பது அச்சொல்லின் பொருள். பால் பார்க்கே 1882இல் ஊபிகான் நிறுவனத்துக்காகச் செய்த 'ஃபூஜேர் ரோயால்' இக்குடும்பத்தின் மூத்த பிள்ளை. பெரணிக்குச் சொல்லத்தக்க மணம் எதுவும் இல்லை என்பதே இதில் சுவையான செய்தி. இல்லாத மணம் ஒன்றை மூன்று பொருள்களால் அவர் கற்பனை செய்தார். மேலே லாவெண்டர், நடுவே காய்ந்த புல்லையும் புதுவைக்கோலையும் நினைவூட்டும் கூமரின், அடியில் ஓக் மரப்பட்டையில் படரும் லைக்கன். கூமரின் 1868இலேயே பெர்க்கின் என்னும் ஆங்கில வேதியியலாளரால் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டிருந்தது. இயற்கையும் வேதியியலும் கைகோத்த முதல் புகழ்மிக்க நறுமணங்களுள் இது ஒன்று.

மூன்றாவது பொருளைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். அந்த லைக்கனை அரபு மருத்துவ, நறுமண நூல்கள் உஷ்னா என்ற பெயரால் அறிந்திருந்தன. அதன் நெருங்கிய உறவே நம் வீட்டுப் பெண்கள் பிரியாணி மசாலாவில் சேர்க்கும் கல்பாசி. கன்னோஜின் அத்தர் வடிப்போரும் ஷமாமாவில் இதனைச் சேர்ப்பதுண்டு. காய்ந்த கல்பாசியை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்தால் ஈரமண், பழைய மரம், சிறிது தோல் என்று ஒரு கருமையான மணம் எழும். ப்ரூட்டை முதன்முதலில் முகர்ந்த நம்மவருக்கு அது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி குப்பிகளுக்கு வருவோம். பழையதைத் திறந்தவுடன் எழும் மணத்தை வைத்து அதனை மதிப்பிடுவது நியாயமாகாது. நாற்பதாண்டுகளுக்கும் மேலாக நம் கடற்கரை வெப்பத்தில் இருந்த திரவத்தில், எளிதில் ஆவியாகும் எலுமிச்சை, லாவெண்டர் மணங்கள் கெட்டுப்போயிருக்கும். நம் குப்பியிலும் முதல் ஐந்து நிமிடங்கள் வார்னிஷ் போன்ற ஒரு நெடிதான். அதைக் கடந்து காத்திருக்க வேண்டும். கால்மணி நேரத்துக்குப் பிறகு சோம்பின் இனிப்பும் ஜெரேனிய இலையின் பசுமையும் மெல்லத் தலைகாட்டுகின்றன. அதற்கும் பின்னால், லுஹர் கழிந்து அஸர் நெருங்கும் நேரத்தில்தான் அதன் உண்மையான உரு வெளிப்படுகிறது: சந்தனமும் வெனிலாவும் கல்பாசியின் கருமையும் ஒன்றாகக் குழைந்து, அவற்றின்மேல் பட்டுத்துணி விரித்தாற்போல் ஒரு கஸ்தூரி. மாவுபோல் மிருதுவானது, உடலின் சொந்த வெம்மையோடு கலந்து எது தோல், எது பூச்சு என்று பிரிக்கமுடியாதபடி நிற்கிறது. சட்டையில் மறுநாளும் இருக்கிறது.

புதியது தொடக்கத்தில் பழையதைவிடத் தெளிவானது. எலுமிச்சையும் லாவெண்டரும் பளிச்சென்று வருகின்றன, சோம்பு உண்டு, தொட்டவுடன் யாரும் பெயரைச் சொல்லிவிடலாம். முகச்சாயல் அதேதான். ஆனால் கால்மணி நேரத்தில் நடுப்பகுதி மெலிந்துவிடுகிறது. பின்னர் வரும் கஸ்தூரி, சலவை செய்து மடித்த துணியின் சுத்தத்தை நினைவூட்டுகிறது. ஆடையின் மணமாக இருக்கிறதேயன்றி ஆளின் மணமாக இல்லை. கருமை ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது. அஸர் வேளையில் மணிக்கட்டில் மிஞ்சியிருப்பது வெனிலாவின் இனிப்பு மட்டும். காலையில் முகத்தில் தெளித்துக்கொள்ளும் நீர் என்ற அளவில் அதனைக் குறைசொல்ல நாம் துணியவில்லை. விலைக்கு நேர்மையான சரக்கு. பழையதன் தலைப்பகுதியை நன்கு பாடம் செய்த மாணவன் எழுதிய நகல் என்று இதைச் சொல்லலாம். பிற்பகுதியை அவன் படிக்கவில்லை.

இங்கே 'பழையது, புதியது' என்று இரண்டே இருப்பதுபோல் எழுதிச் செல்வதும் முழு உண்மையன்று. ஃபாபர்ஜே 1989இல் யூனிலீவர் வசமாயிற்று. 2003இல் அமெரிக்கச் சந்தைக்கான ப்ரூட் உரிமை ஹெலன் ஆஃப் ட்ராய் என்னும் வேறொரு நிறுவனத்துக்குச் சென்றது. அதாவது ஒரே பெயர், ஒரே பச்சை நிறம், வெவ்வேறு கண்டங்களில் வெவ்வேறு உரிமையாளர்கள். அதற்கு முன்பே, செறிவு குறைத்த 'ப்ரூட் 33' என்ற மலிவான வடிவமும் வந்திருந்தது. அதை மட்டும் அறிந்தவர்கள் நம்முள் பலர் இருக்கலாம்.

ஏன் மாறிற்று என்ற கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை, இலாபப் பேராசை என்பது. அது விடையின் ஒரு பகுதி மட்டுமே. பழைய ப்ரூட்டின் அந்தப் பட்டுத்துணிக் கஸ்தூரி 'மஸ்க் அம்ப்ரெட்' என்னும் செயற்கைப் பொருளால் ஆனது என்பது நறுமணத் துறையினரிடையே பரவலான கருத்து. 1888இல் ஆல்பர்ட் பவுர் என்னும் வேதியியலாளர் வெடிமருந்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது தற்செயலாகக் கஸ்தூரி மணமுள்ள பொருளொன்றைக் கண்டார். அவ்வழியில் பிறந்த நைட்ரோ கஸ்தூரிக் குடும்பத்தைச் சேர்ந்ததே மஸ்க் அம்ப்ரெட். நாம் கஸ்தூரி வெண்டை என்று அழைக்கும் செடியின் விதைமணத்தை ஒத்திருந்ததால் அப்பெயர் பெற்றது. அச்செடியின் தாவரவியல் பெயரான அபெல்மோஸ்கஸ் அரபுமொழியின் 'அபுல் மிஸ்க்', கஸ்தூரியின் தந்தை, என்பதன் திரிபு என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

1970களின் இறுதியில் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஒரு புதிரை எதிர்கொண்டனர். சவரத்துக்குப் பின் நறுமண நீர் தடவிய ஆடவர்களின் முகத்திலும் கழுத்திலும், சூரியஒளி பட்ட இடங்களில் மட்டும் தோல் சிவந்து தடித்தது. பூசிய பொருளும் வெயிலும் சேர்ந்தால்தான் நோய்; ஒன்று மட்டுமானால் இல்லை. சிலருக்குப் பூசுவதை நிறுத்திய பின்னரும் வெயில் தாங்காத நிலை நீடித்தது. ஆய்வில் குற்றவாளியாக வெளிப்பட்டது மஸ்க் அம்ப்ரெட். விலங்குகளுக்கு உணவில் கொடுத்துப் பார்த்தபோது நரம்புப் பாதிப்பும் தென்பட்டது. 1980களில் நறுமணத் தொழிலின் சர்வதேச அமைப்பு அதற்கு எதிராகப் பரிந்துரைத்தது. 1995இல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுப்பொருள்களில் அதனைத் தடைசெய்தது. கல்பாசியின் உறவான லைக்கனுக்கும் அதே கதி நேர்ந்தது. அதிலுள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் என்னும் ஒவ்வாமைப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் விலக்கிற்று. 2021க்குப் பின் அவை கலந்த சரக்கு அங்கே விற்பனைக்கு நிற்கமுடியாது.

வெயிலில் நோய் தரும் நறுமணம் தமிழ்நாட்டுக்கு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. சித்திரை மாதத்தில் உருக்கு ஆலையிலிருந்து வெளிவந்து திறந்தவெளியில் தொழுபவரை எண்ணிப்பார்த்தால் போதும். ஆகவே அந்த மாற்றம் நியாயமானது என்பதில் நமக்கு ஐயமில்லை. பழைய மணத்துக்காக ஏங்குவோர் 'கெடுத்துவிட்டார்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது பொறுப்பான விமர்சனமாகாது.

நம் வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. புதிய அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் லினலூல், கூமரின் என்று ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களின் பெயர்ப் பட்டியல் உண்டு; 2005 முதல் ஐரோப்பியச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் 'இது முன்பிருந்ததன்று, இன்ன காரணத்தால் மாற்றினோம்' என்ற ஒரு வரி இல்லை. பெயர், நிறம், பதக்கத்தின் சாயல் ஆகிய மூன்றும் அப்படியே இருக்க, உள்ளிருப்பது மாறியிருக்கிறது. நூலாசிரியர் மறைந்தபின் பதிப்பாளர் அத்தியாயங்களை நீக்கிவிட்டு, அதே அட்டையோடு, பதிப்புரை இன்றி வெளியிட்டால் நாம் என்ன சொல்வோம்? நீக்கப்பட்டவை நீக்கத் தக்கவையாகவே இருந்தாலும் அவ்வாறு செய்ததாக ஒரு வரி எழுதும் கடமை பதிப்பாளருக்கு உண்டல்லவா?

நாமும் இதனைக் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தகைய குப்பிகளைப் பற்றி நம்மிடையே விவாதமே இல்லாமற் போகவில்லை. அவற்றிலுள்ள ஆல்கஹால் தொழுகைக்குத் தடையா என்பதைப் பற்றி எத்தனை வினாக்கள், எத்தனை ஃபத்வாக்கள்! போதைதரும் திரவத்தை அசுத்தமாகக் கொள்ளும் ஷாஃபி மத்ஹபின் பெரும்பான்மைக் கருத்தைக் கடற்கரை ஊர்களில் எடுத்துரைத்தனர். திராட்சையிலிருந்தும் பேரீச்சையிலிருந்தும் எடுக்கப்படாத ஆல்கஹாலுக்கு ஹனஃபி அறிஞர்கள் அளித்த சலுகையை உள்நாட்டு ஊர்களில் சுட்டினர். விவாதம் தேவையானதே. ஆனால் மணத்தைச் சுமக்கும் திரவத்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக விசாரித்த நாம், சுமக்கப்படும் பொருள் சத்தமின்றி மாறியதைக் கவனிக்கத் தவறினோம். 'ஆல்கஹால் இல்லாதது' என்று எழுதியிருந்தால் வேறெதுவும் கேளாமல் வாங்கும் பழக்கமும் அந்த விவாதத்தின் மிச்சமே. அதனால் வந்த இழப்பு நம் சொந்த அத்தரில்தான் மிகப் பெரியது.

மரபுவழி அத்தருக்கு அடிப்படை சந்தனத் தைலம். கன்னோஜில் செம்புப் பாத்திரத்தில் மலரும் நீரும் கொதிக்க, எழும் ஆவி மூங்கில் குழாய் வழியே சென்று மற்றொரு பாத்திரத்திலுள்ள சந்தனத் தைலத்தில் அடங்கும். மலர் விருந்தாளி, வீடு சந்தனத்துடையது. அச்சந்தனத்தில் பெரும்பகுதி தென்னாட்டிலிருந்து சென்றது. 1792இல் திப்பு சுல்தான் அதனை அரசமரமாக அறிவித்தார். பின்வந்த ஆட்சிகளும் அந்த அரசுரிமையைக் கைவிடவில்லை. தன் நிலத்தில் முளைத்த மரம் தனக்கில்லை என்றால் உழவன் அதை ஏன் வளர்க்கப்போகிறான்? திருட்டு பெருகிற்று, காடு வெறுமையாயிற்று. 1998இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சந்தனத்தை அழிவை நோக்கிச் செல்லக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2001இல் கர்நாடகமும் 2002இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி மரத்தை நில உடைமையாளருக்கே உரியதாக்கின. ஆனால் சந்தனம் வைரம் பாய ஆண்டுகள் பல ஆகும். இன்று நல்ல தைலம் கிலோ ஒன்றுக்கு இலட்ச ரூபாய்க்கும் மேல்.

விளைவு, வீட்டையே மாற்றிவிட்டார்கள். சந்தனத்தின் இடத்தில் மணமற்ற பாரஃபின் எண்ணெய் வந்தது, அல்லது டி.ஓ.பி. எனப்படும், பிளாஸ்டிக்கை நெகிழச்செய்யப் பயன்படும் எண்ணெய் வந்தது. சந்தனம் மணத்தைப் பிடித்து வைத்து மெல்ல விடும். தன் மணத்தையும் அதற்குக் கொடுக்கும். பாரஃபின் எதையும் கொடுப்பதில்லை. பெயர்கள் மட்டும் ஜன்னத்துல் ஃபிர்தௌஸாகவும் மஜ்மூஆவாகவும் தொடர்கின்றன. ப்ரூட்டில் போனது ஒரு கஸ்தூரியும் ஒரு பாசியும். இங்கே அஸ்திவாரமே போயிருக்கிறது. அது எந்த நோயைத் தடுப்பதற்காகவும் போகவில்லை.

நாம் நின்ற இடத்திலிருந்து கிழக்கே சில மைல் தொலைவில், இதே திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்புவதற்கு நெடுங்காலம் முன்பே, அத்துறையின் துணிகள் மலாக்காவுக்குச் சென்றன. திரும்பும் கப்பல்களில் ஜாதிக்காய், கற்பூரம் இவற்றோடு தீமோர்ப் பகுதியின் வெண்சந்தனமும் வந்தது. முஸ்லிம் வணிகர்களுக்கும் அவ்வாணிபத்தில் பங்கிருந்தது. நறுமணத்தைச் சரக்காக எடைபோட்டு, தரம்பிரித்து அறிந்த ஒரு கரை அது. இன்று அதன் அண்டையிலுள்ள நாம் குப்பியின் மேலுள்ள எழுத்தை நம்பி வாங்குகிறோம்.

மாற்றுச் சரக்கு செய்வதே குற்றமென்று நம் முன்னோர் கருதவில்லை. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த தத்துவஞானி அல்-கிந்தீயின் பெயரால் நறுமண வேதியியல் பற்றிய நூலொன்று வழங்குகிறது; 1948இல் கார்ல் கார்பர்ஸ் அதனை ஜெர்மன் மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகள் கொண்ட அந்நூலில், கஸ்தூரி போன்ற விலைமிக்க பொருள்களுக்கு மாற்று ஆக்கும் முறைகளும் ஒளிவுமறைவின்றி இடம்பெறுகின்றன. ஆனால் அதே அறிவு சந்தைக்கு வந்தபோது அதனைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்னும் அதிகாரி இருந்தார். 12ஆம் நூற்றாண்டின் அஷ்-ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா கையேட்டில் அத்தாரிகளின் கலப்படங்களையும் அவற்றைக் கண்டறியும் வழிகளையும் விளக்கும் பகுதி உண்டு. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்தது என்று வணிகர் சொன்னபோது, மக்கள் காணும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்ட நிகழ்ச்சியே இதற்கெல்லாம் வேர். நனைந்ததற்காக அவர்கள் கண்டிக்கவில்லை என்பதை நோக்கவேண்டும். அளவில் மோசடி செய்வோருக்குக் கேடு என்று தொடங்கும் அல்-முதஃப்பிஃபீன் அத்தியாயத்திலேயே, சுவனவாசிகளின் பானத்துக்குக் கஸ்தூரியால் முத்திரை என்ற செய்தியும் வருகிறது. முத்திரை என்பது உள்ளிருப்பதற்கான உறுதிமொழி.

மூன்றாவது குப்பியைப் பற்றிச் சொல்லவில்லை. பள்ளிவாசல் வாயிலில் வாங்கிய 'ப்ரூட்' எண்ணெயில் லாவெண்டர் உண்டு, இனிப்பு உண்டு, அதற்குமேல் எதுவும் இல்லை. ஒருமணி நேரத்தில் தீர்ந்தது. பச்சைச் சாயம் மட்டும் நம் வெள்ளைச் சட்டைக் கையில் தங்கிவிட்டது. ஆடவரின் நறுமணம் வாசம் வெளிப்பட்டு நிறம் மறைந்திருப்பது என்று திர்மிதீயில் வரும் ஹதீஸின் கருத்தை அது நேர்மாறாக நிறைவேற்றிற்று. மறுவாரம் விற்பவரிடம் கறையைக் காட்டி, இது சந்தனத்தில் செய்ததா என்று கேட்டோம். அவர் சிரித்தார். "சந்தனமா? இந்த விலைக்கா பாய்? இது சும்மா சென்ட் எண்ணெய். கம்பெனி சரக்கும் இல்லை, அது மாதிரி. உடம்பில் பூசாதீங்க, துணியில் மட்டும் வையுங்க" என்றார். மூன்று குப்பிகளில் ஒன்றுக்கு மட்டுமே இப்படியொரு பதிப்புரை கிடைத்தது. கேட்டபிறகுதான் கிடைத்தது என்பதையும் குறித்துக்கொள்கிறோம்.

அவர் சொன்னதை இப்போது பழைய குப்பிக்கும் கடைப்பிடிக்கிறோம். பகலில் அதைத் திறப்பதில்லை. இஷாவுக்குப் பிறகு, வெயில் இல்லாத நேரத்தில், தோலில் படாமல் மேல்துண்டின் ஓரத்தில் ஒரு துளி.